பன்னிரண்டு நிமிடம் ஒரு நாள்

ரெசிடென்சி ரோடு ஓட்டலின் இரண்டாம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
ஒன்பது நாட்டுக் கொடிகள் பிளாஸ்டிக் தாங்கிகளில்.
ஏசிக் காற்றில் ஒன்று மட்டும் அசைகிறது.

மணி என் கையில்.
பன்னிரண்டு நிமிடம் என்றால் ஒரு நாள்.
நேற்றிரவு சமையலறை மேசையில்
பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
சாகப்போகிறவர்களின் எண்ணிக்கையை எழுதினேன்.
அதிகமோ என்று தோன்றி
ஒரு பூஜ்யத்தை அடித்தேன்.
படுக்கப் போய், எழுந்து வந்து
திரும்பச் சேர்த்தேன்.

நோய்க்குப் பெயர் இல்லை.
எந்த ஊரும் வேண்டாம், எந்த விலங்கும் வேண்டாம்
என்று மூன்று மின்னஞ்சல்கள் வந்திருந்தன.
ஆகவே அது, அது.

முதல் நாள்: ஒரு துறைமுகத்தில்
பதினோரு பேருக்குக் காய்ச்சல்.
அந்த நாட்டு அட்டைக்குப் பின்னால் இருந்தவர்
உறையைப் பிரித்தார். படித்தார்.
நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.
நான்கு நிமிடம் பேசவில்லை.
என் கடிகாரத்தில் அது எட்டு மணி நேரம்;
அதற்குள் ஒரு விமானம்
தேவனஹள்ளியில் இறங்கி
பயணிகள் டாக்சி பிடித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் நான்கு எல்லைகள் மூடின.
முகக்கவசம் தைக்கிற நாடு கவசத்தைப் பூட்டியது.
துணி நெய்கிற நாடு துணியைப் பூட்டியது.
மருந்துக் குப்பி செய்கிற நாடு
மூடியை மட்டும் அனுப்புவதாகச் சொன்னது.

ஐந்தாம் நாள் கிருமியின் மாதிரியைக் கேட்டார்கள்.
திருமதி அடியாம்போ மைக்கைத் தட்டினார்:
"தருகிறோம். ஊசி வந்தால் எங்களுக்கு எத்தனை?
போன தடவையும் தந்தோம்,
வரிசையின் வாலில் நின்றோம்."
இதை எந்தப் பிரிவில் பதிவது
என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

அப்போதுதான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்
திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.
கோப்பை நிறைந்து சாசரில் வழிந்தது.
என் அட்டையில் 'தமிழரசி' என்று படித்துவிட்டு
குனிந்து கேட்டார்:
"மேடம், சிவாஜிநகர்னு போட்டிருக்கே?"
சும்மா, பயிற்சிதான் என்றேன்.
நெரிசலான ஓரிடம் தேவைப்பட்டது எனக்கு,
வரைபடத்தில் விரல் வைத்தேன்.
அந்தப் பக்கம் போனதே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

"எங்க தெரு ரசல் மார்க்கெட்டுக்குப் பின்னால.
போன தடவை முனையில தகரம் அடிச்சாங்க.
அந்தப் பக்கத்து பேக்கரிக்கார இத்ரீஸ்
வாளியில கயிறு கட்டித் தகரத்து மேல விட்டான்.
பன்னு வந்துச்சு.
வாளியை வெறுமனே திருப்பி அனுப்பலாமா?
எந்தெந்த வீட்ல காய்ச்சல்னு
சீட்டு எழுதிப் போட்டு அனுப்பினோம்.
அடுத்த வாளியில மாத்திரை வந்துச்சு."
சாசரைத் துடைத்தார்.
சட்டையில் ஏ. தாஸ்.
ஏ என்றால்?
"ஆரோக்கிய, மேடம். பேட்ஜ்ல இடம் பத்தல."

மணியடிக்க மறந்து
ஆறாம் நாள் ஒன்றரை நாளாக நீண்டது.
யாரும் குறை சொல்லவில்லை.
அடியாம்போவிடம் வாளியைச் சொன்னேன்,
என் ஆங்கிலத்தில் அது பாதிதான் வந்தது.
கயிறு யாருடையது என்று மட்டும் கேட்டார்.
தெரியவில்லை. நான் கேட்டிருக்கவில்லை.

ஏழாம் நாள் துறைமுக நாட்டுக்காரர்
கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து
மேசையில் வைத்து மடிப்பைத் தேய்த்தார்.
"முதல் நாளுக்குத் திரும்ப முடியுமா?"
விதியில் அதற்கு இடமில்லை.
கடிகாரத்தை நிறுத்தினேன்.
நிறுத்த முடிகிற கடிகாரம் அது ஒன்றுதான்
என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும்.
அவர் முதல் நாளை உரக்கப் படித்தார்,
பதினோரு பேரின் வயது உட்பட.

எட்டாம் நாள் உறை பிரிக்கப்படாமலே
என் கைப்பையில் வீடு வந்தது.
அதற்குள் ரசல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெரு,
அதன் எதிரே ஓர் எண்.
பால் கணக்கின் மேல் வைத்திருக்கிறேன்.
பூஜ்யத்தை இன்னும் தொடவில்லை.